வெயில் பாதி, ஈரம் பாதி

சித்திரையில் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று உறைத்தால், "இன்னைக்குச் சாயங்காலம் மழை இருக்கு" என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பாதி சரி. வெயில் மட்டுமே மழையைக் கூட்டிவரும் என்றால் வேலூரும் கரூரும் ஏப்ரல் முழுக்க நனைந்துகொண்டிருக்க வேண்டும். 40 டிகிரியைத் தொட்ட பிறகும் ஒரு தூறல்கூட இல்லாமல் வாரக்கணக்கில் காய்கிற ஊர்கள் அவை. மீதிப் பாதி என்ன என்று தெரிந்துவிட்டால் பங்குனி முதல் வைகாசி வரை வானம் ஏன் இப்படி நேரத்துக்கு ஒரு முகம் காட்டுகிறது என்பது பிடிபட ஆரம்பிக்கும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது.

முதலில் வெயில். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் கன்னியாகுமரிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து ஒவ்வோர் ஊராக வடக்கே நகர்ந்து, அந்த மாதக் கடைசி வாரத்தில் சென்னைக்கு மேலே வந்துவிடுகிறது. அந்தந்த ஊரில் அந்த ஒரு நாள் நடுப்பகலில், நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. அத்தனை செங்குத்தான வெயிலில் தரை கொதிக்கிறது. காற்று நேரடியாக வெயிலில் சூடாவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் சூடாகிறது. சூடான காற்று லேசாகி மேலே போகும். பதினோரு மணிக்கு அண்ணாந்து பார்த்தால், பருந்து சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் வட்டமிட்டபடியே உயர உயரப் போவது தெரியும். அது ஏறுவது தரையிலிருந்து கிளம்பிய அந்தச் சூட்டுக்காற்றின் மேல்தான்.

ஆனால் மேலே போகிற காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி குளிர்ந்துவிடும். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் சுற்றியிருக்கும் காற்றின் குளிருக்குச் சமமாகி, அதற்குமேல் ஏற வலு இல்லாமல் நின்றுபோகும். வேலூரில் பல நாட்கள் நடப்பது இதுதான். அந்தக் காற்றில் போதிய நீராவி இருந்தால் மட்டுமே கதை மாறுகிறது. குளிரக் குளிர நீராவி சிறு துளிகளாகிறது. அப்படி மாறும்போது, ஆவியாகையில் உள்வாங்கிய வெப்பத்தை அது திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டீ பாய்லர் மூடியைத் திறக்கும்போது ஆவி கையில் பட்டால் அப்படிச் சுடுவதற்கும் இதுவே காரணம், அது தோலின் மேல் நீராக மாறி, வைத்திருந்த சூட்டையெல்லாம் அங்கே இறக்கிவிடுகிறது. மேகத்துக்குள்ளும் அப்படித்தான். உள்ளேயே சூடு பிறப்பதால் காற்று குளிரும் வேகம் பாதியாகக் குறைந்து, சுற்றியுள்ள காற்றைவிட எப்போதும் கொஞ்சம் சூடாகவே இருந்து, 12 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் என்று ஏறிக்கொண்டே போகிறது. விமானங்கள் பறக்கும் உயரத்தையே தாண்டிவிடும்.

ஆக மீதிப் பாதி ஈரம். அது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் வங்கக்கடலிலிருந்து. தரை சூடாகி, கடல் அவ்வளவு சூடாகாமல் இருப்பதால் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கரையேறுகிறது. மாலைக்குள் நூறு கிலோமீட்டர் உள்ளே வந்துவிடும் நாட்களும் உண்டு. மேற்கு மாவட்டங்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அரபிக்கடல் ஈரமும் கிடைக்கிறது. கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் எதிரெதிராக வந்து முட்டும் இடத்தில் இரண்டுக்கும் போக்கிடம் மேலேதான். தருமபுரி, சேலம், திண்டுக்கல், மதுரை, தேனி என்று உள்மாவட்டங்களில் நாலு மணிக்குமேல் வானம் இருட்டிக்கொண்டு வருவதற்கு முக்கியமான காரணம் இந்த முட்டல். மலைகள் பக்கத்தில் இருந்தால் சரிவு வேறு காற்றை மேலே தள்ளிவிடும். அதனால்தான் கொடைக்கானலில் மதியமே இடி உருள, கீழே சமவெளிக்கு மழை வர இருட்டாகிவிடுகிறது. சென்னைக்காரர்களுக்கு இது வருத்தம் தரும் விஷயம். கடற்காற்று அவர்களுக்கு வெக்கையைத் தணிக்கிறது, ஆனால் அதே காற்று தரையைக் குளிர்வித்து, மேகம் மேலே எழும்பும் வேலையை உள்மாவட்டங்களுக்குக் கொண்டுபோய்விடுகிறது. சென்னையின் இடிமழை அதிகமும் ஜூனுக்குப் பிறகுதான், அதுவும் மேற்கிலிருந்து கிளம்பி இரவில் வந்து சேரும்.

உங்கள் ஊரில் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். விடியற்காலையிலேயே கழுத்து கசகசத்து, ஃபேனுக்கு அடியிலும் வியர்வை காயாமல் இருந்தால், துவைத்துப் போட்ட துணி வெயிலிலும் சட்டென்று உலராமல் இருந்தால் ஈரம் இருக்கிறது. உதடு வெடித்து, துணி அரை மணியில் மொடமொடவென்று காய்ந்தால் அன்றைக்கு எவ்வளவு வெயில் அடித்தாலும் மழைக்கு வாய்ப்புக் குறைவு. புழுக்கம் தாங்கவில்லை என்று நாம் நொந்துகொள்கிற நாட்கள்தான் மழையைச் சுமந்து வருகிற நாட்கள். சில நாட்களில் இரண்டும் இருந்தும் பெய்யாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரத்தில் சூடான வறண்ட காற்று ஓர் அடுக்காகப் படர்ந்து, கீழிருந்து வருவதை மேலே விடாது. அந்த அடுக்கு தாமதமாக உடைகிற அன்றைக்கு மழை வழக்கத்தைவிட மூர்க்கமாக இருக்கும், ஏனென்றால் பகல் முழுக்கச் சேர்த்த சூடும் ஈரமும் ஒரே மூச்சில் கிளம்புகின்றன.

ஒரு மதியம் மொட்டை மாடியில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து ஒரே ஒரு மேகத்தைக் கவனியுங்கள். ஒரு மணிக்கு அது கையகலம் இருக்கும். அடி தட்டையாக இருக்கும், எல்லா மேகங்களுக்கும் அடிப்பாகம் ஒரே உயரத்தில் இருக்கும். நீராவி துளியாகத் தொடங்குகிற உயரம் அது. இரண்டரை மணிக்கு அந்த மேகங்களில் ஒன்று மற்றவற்றைவிட உயரமாகிவிடும். தலைப்பாகம் திரண்டு திரண்டு எழும், விளிம்பு வெட்டினாற்போல் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவு இருக்கும்வரை மேலே இருப்பவை நீர்த்துளிகள். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் உச்சி விளிம்பு மங்கிக் கலைந்து பக்கவாட்டில் பரவ ஆரம்பிக்கும். மேலே இருப்பது பனித்துகளாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பனித்துகள் வந்துவிட்டால் மின்னலுக்கு வேண்டியதும் வந்துவிட்டது. மாடியை விட்டு இறங்கவேண்டிய நேரம் அது. தலைக்கு மேல் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், அதைப் பார்த்து உட்கார்ந்திருக்கக் கூடாது.

அடுத்து வருவது காற்று. மழைக்குக் கால் மணி நேரம் முன்னால் மரம் மட்டையெல்லாம் அசையாமல் நின்று, திடீரென்று ஒரு பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு குளிர்ந்த காற்று வீசும். கூடவே மண்வாசனை வரும். நம் தெருவில் ஒரு துளிகூட விழுந்திருக்காது. மேகத்திலிருந்து விழும் மழைத்துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்ந்து கனத்த அந்தக் காற்று அப்படியே தரையில் விழுந்து நாலாபக்கமும் பாய்கிறது. பக்கத்து ஊரில் ஏற்கெனவே நனைந்த மண்ணின் வாசனையைத்தான் அது நமக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது.

வாழை போட்டவர்களுக்கு இந்தக் காற்றென்றால் வயிற்றைக் கலக்கும். தேனி, ஈரோடு, திருச்சிப் பக்கம் கோடையில் தார் போட்டு நிற்கும் வாழை பாரம் தாங்காமல் இடுப்பில் முறிந்து விழுந்துவிடும். சவுக்குக் கம்பு கொண்டு முட்டுக் கொடுத்திருந்தாலும் மேலிருந்து விழுகிற சூறைக்காற்றுக்குச் சில நேரம் தாங்காது. ஒரு வருட உழைப்பு பத்து நிமிடத்தில் படுத்துவிடுகிறது. மழை மூன்று நாளாக இல்லையே என்று ஏங்கியவரும் அவர்தான், மழை வருவதைப் பார்த்துப் பதறுபவரும் அவர்தான்.

"எங்க தெருவுல பெய்யுது, பஸ் ஸ்டாண்டுல சொட்டு இல்ல" என்பது கோடையில் தினசரிப் பேச்சு. ஒரு தனி இடிமேகத்தின் மழை விழும் பரப்பு சில கிலோமீட்டர் அகலம்தான், ஆயுளும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். தன் மழை இறக்கிய குளிர்ந்த காற்றே கீழிருந்து ஏறும் சூட்டுக்காற்றை அறுத்துவிடுவதால் அது தானாகவே அடங்கிவிடுகிறது. அடங்கும்போது அந்தக் குளிர்காற்று பக்கத்தில் உள்ள சூடான காற்றை நெம்பி மேலே தூக்கி, அடுத்த மேகத்துக்கு வித்திடுகிறது. ஒட்டன்சத்திரத்தில் தொடங்கிய மழை ஏழு மணிக்கு வேறெங்கோ பெய்வது இந்தத் தாவலால். எனவே வானிலை அறிக்கையில் "ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை" என்று சொல்வதைக் கேட்டு அலுத்துக்கொள்வது நியாயமில்லை. காலையில் அதற்குமேல் நேர்மையாக யாராலும் சொல்ல முடியாது. மேகம் எழுந்தபிறகு ரேடாரில் பார்த்து, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு எந்த மாவட்டங்களில் பெய்யும் என்று சொல்கிறார்களே, அதைத்தான் கோடையில் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

மார்ச் முதல் மே வரை தமிழ்நாட்டில் பெய்வது சராசரியாக 125 மில்லிமீட்டர் அளவுதான், ஆண்டு மழையில் ஏழில் ஒரு பங்கு. ஆனால் ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் அந்த முதல் மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் காபிச்செடி கிளை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிடும். அது தவறினால் அந்த ஆண்டு விளைச்சல் தவறும். மானாவாரிக் காட்டில் கோடை உழவு ஓட்டுவதும் இந்த மழையின் ஈரத்தில்தான். ஓசூர்ப் பக்கம் சில நாட்கள் ஆலங்கட்டியும் விழும். நீர் உறையும் உயரம் நம் பகுதியில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஓசூரே கடல்மட்டத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் இருப்பதால், கட்டி விழும் வழியில் கரைய அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை.

இனி மின்னல். இதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். மேகத்துக்குள் ஏறும் பனித்துகள்களும் இறங்கும் சிறு பனிக்கட்டிகளும் உரசி, லேசானவை ஒருவித மின்னேற்றத்தோடு உச்சிக்கும், கனமானவை எதிர் மின்னேற்றத்தோடு நடுப்பகுதிக்கும் பிரிகின்றன. வேறுபாடு தாங்கமுடியாமல் போகும்போது மின்னல் வெட்டுகிறது. அதன் பாதையில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி வரை சூடாகி வெடித்து விரிகிறது, அந்த வெடிப்பின் சத்தமே இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று விநாடி ஆகும். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் தெரியும். முப்பதுக்குள் கேட்டால் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்த வெட்டு உங்கள் வயலில் விழலாம். மேகத்தைத் தாண்டிப் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் மின்னல் இறங்கும். அதனால்தான் மழை தொடங்கும் முன்பும் நின்ற பின்பும் இத்தனை பேர் இறக்கிறார்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி நாட்டில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். காட்டிலும் வயலிலும் வேலை செய்பவர்களே அதில் அதிகம்.

மரத்தடியில் ஒதுங்குவதுதான் பெரிய ஆபத்து. மரத்தில் இறங்கும் மின்சாரம் மண்ணில் சுற்றிலும் பரவுகிறது. புளியமரத்தடியில் ஒதுங்கிய ஆட்டு மந்தை ஒரே வெட்டில் மொத்தமாகச் சரிவது அதனால்தான். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் மாடு ஆடுகளின் உடல் வழியே அது எளிதாகப் பாய்ந்துவிடுகிறது. ஓலைக் கொட்டகையும் திண்ணையும் காப்பாற்றாது. கான்கிரீட் வீட்டுக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். மோட்டார் சுவிட்ச், குழாய், சார்ஜரில் செருகிய போன் எதையும் தொடக்கூடாது. வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் கால்களைச் சேர்த்துவைத்துக் குத்துக்காலிட்டுக் குனிந்திருங்கள், படுக்காதீர்கள். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி 20 கிலோமீட்டர், 40 கிலோமீட்டர் சுற்றளவில் மின்னல் இருந்தால் எச்சரிக்கும். வயலுக்குப் போகிறவர் போனில் அது இருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை வெளியே இறங்க வேண்டாம்.

யாரையாவது மின்னல் தாக்கிவிட்டால், தொட்டால் நமக்கும் ஷாக் அடிக்கும் என்று தயங்கி நிற்பவர்கள் உண்டு. அவர் உடம்பில் மின்சாரம் எதுவும் தங்கியிருக்காது, உடனே தொடலாம். மூச்சு நின்றிருந்தால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சு நடுவில் வைத்து நிமிடத்துக்கு நூறுக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள்.