சிறைக்குள் பிறந்த சிறந்த நூல்கள்

"படிக்க ஆசைதான், நேரம் எங்கே இருக்கிறது?" மும்பை வாழ் தமிழர்களிடம் புத்தகப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். அதில் பொய் இல்லை. கல்யாணிலோ அம்பர்நாத்திலோ குடியிருந்துகொண்டு கோட்டைப் பகுதியில் வேலை பார்ப்பவருக்கு நாள்தோறும் மூன்று மணி நேரம் ரயிலிலேயே போய்விடுகிறது.

ஆனால், நேரமும் உரிமையும் பறிக்கப்பட்ட இடத்திலிருந்தே நம் நாட்டின் தலைசிறந்த நூல்கள் சில கிடைத்திருக்கின்றன. சுயசரிதை, சரித்திரம், அரசியல், ஆன்மிகம் ஆகிய எல்லாத் துறைகளிலும் சிறையில் எழுதப்பட்ட நூல்கள் உண்டு. அவற்றில் பல, நாளுக்குக் கொஞ்சமாக எழுதப்பட்டவை. ஆகவே நாளுக்குக் கொஞ்சமாகப் படிக்கவும் ஏற்றவை.

ஒரே மாதம், இரு தீர்ப்புகள்

1908 ஜூலை மாதத்தில் இரண்டு ராஜத்துரோக வழக்குகளில் தீர்ப்பு வெளியாயிற்று. திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை. பம்பாயில் பால கங்காதர திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை. தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் போராடியவர் வ.உ.சி. திலகருக்காக ஆறு நாட்கள் வேலைநிறுத்தம் செய்தவர்கள் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள்.

திலகர் பர்மாவின் மாண்டலே சிறையில் பென்சிலால் மராத்தியில் எழுதிய "கீதா ரகசியம்" 1915-இல் வெளிவந்தது. உலகைத் துறப்பதல்ல, பலன் கருதாமல் கடமையைச் செய்வதே கீதையின் சாரம் என்று வாதிடும் பெருநூல் அது. சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யோ, ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை "மனம்போல வாழ்வு" எனத் தமிழாக்கினார். இது மிகச் சிறிய நூல். எடுத்த எடுப்பில் திலகரைத் தொட்டால் மலைப்புத் தட்டும். வ.உ.சி.யில் தொடங்குவது நல்லது.

ஞாயிறுக்கு ஓர் உரை

இந்த மகாராஷ்டிரத்திலேயே துலே சிறையில், 1932-இல் வினோபா பாவே சக கைதிகளுக்குக் கீதையைப் பற்றி வாரம் ஓர் உரை நிகழ்த்தினார். மொத்தம் 18 உரைகள். உடனிருந்த கைதியான மராத்தி எழுத்தாளர் சானே குருஜி அவற்றைக் குறிப்பெடுத்தார். கேட்டவர்கள் எல்லாரும் பண்டிதர்கள் அல்லர். எனவே வீட்டு வேலை, வயல் வேலை என்று அன்றாட உதாரணங்களாலேயே வினோபா விளக்குகிறார். தமிழிலும் கிடைக்கும் இந்நூலை ஞாயிறுக்கு ஓர் உரையாகப் படித்தால் நாலரை மாதத்தில் முடித்துவிடலாம்.

மகளுக்குத் தந்தை

சரித்திரம் என்றாலே தேதிகளை மனப்பாடம் செய்வது என்று நினைப்பவர்கள் நேருவின் "உலக சரித்திரம்" படிக்க வேண்டும். மகள் இந்திராவின் 13-வது பிறந்த நாளுக்காக, 1930 அக்டோபரில் நைனி சிறையிலிருந்து முதல் கடிதம் எழுதினார் நேரு. சிறையிலிருந்து வேறென்ன பரிசு தர முடியும்? 1933 ஆகஸ்டு வரை, விடுதலையும் மறு சிறையுமாக, 196 கடிதங்கள் சேர்ந்தன. எல்லா நாடுகளையும் ஒரே பார்வையில் காட்ட முயன்ற நூல் இது. பிற்காலச் சரித்திரத்தை வேறு நூல்களில்தான் தேட வேண்டும்.

பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு இங்கே உழைக்கும் தந்தைமார் நம்மில் எத்தனையோ பேர். கைப்பேசியில் "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதற்கு மேல் என்ன பேசுவது என்று தெரியாமல் விழிக்கிறோம். தொலைவிலிருக்கும் தந்தை பிள்ளையிடம் எதையெல்லாம் பேசலாம் என்பதை இந்நூல் காட்டுகிறது. தமிழாக்கியவர், மத்திய ரயில்வே துணை அமைச்சராகவும் பணியாற்றிய ஓ.வி.அளகேசன்.

எதிரெதிர்க் குரல்கள்

வேலூர் சிறையில் 1921-22-இல் மூன்று மாதங்கள் இருந்த ராஜாஜி எழுதிய நாட்குறிப்பு "சிறையில் தவம்". சுயராஜ்யம் வந்த உடனேயே நல்லாட்சி வந்துவிடாது. தேர்தல் கோளாறுகளும் ஊழலும் அநீதியும் தலைதூக்கும் என்று அப்போதே எச்சரித்திருக்கிறார். கல்வி ஒன்றையே அதற்கு மருந்தாகக் கண்டார்.

லாகூர் சிறையில் 1930-இல் பகத்சிங் எழுதிய "நான் ஏன் நாத்திகன்?" கட்டுரை இதற்கு நேர்மாறான உலகம். தூக்குமேடை காத்திருக்கும்போதும் கடவுளைத் துணைக்கு அழைக்க மறுக்கிறார் அந்த இளைஞர். இதைத் தமிழில் தந்தவர் ஜீவானந்தம். ஒரே விடுதலைப் போராட்டம், ஒரே விதமான சிறை. ஒருவர் கீதையில் பலம் தேடினார், இன்னொருவர் பகுத்தறிவில் தேடினார். ஆத்திகர் பகத்சிங்கையும் நாத்திகர் வினோபாவையும் படிக்கலாம். நம் கட்சியையே படித்துக்கொண்டிருந்தால் அறிவு வளராது.

எப்படித் தொடங்குவது?

நேருவின் கடிதம் நாளுக்கு ஒன்று வீதம் படித்தால் ஆறரை மாதத்தில் உலகமே முடிந்துவிடும். அருகிலுள்ள தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருந்தால் விசாரியுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது மாவட்ட மைய நூலகத்திலும் கேளுங்கள். வீட்டில் தமிழ் எழுத்து தெரியாமல் வளரும் பிள்ளை இருந்தால், இரவில் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் காது இருக்கிறதல்லவா? நாளடைவில் எழுத்தும் வந்து சேரும்.