‘ரத்தம் 12 இருக்கு’ என்றால் எல்லாம் சரியா?

பாம்பன் சின்னப்பாலத்தில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்ணுக்குத் தலை சுற்றினால், வேலைக் களைப்பு என்று விட்டுவிடத்தான் தோன்றும். மருத்துவ முகாமில் விரலில் குத்திப் பார்த்து, ‘ரத்தம் 12 இருக்கும்மா’ என்று சொல்லிவிட்டால் மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்துவிடும். தீரக் கூடாது.

அந்த 12 என்பது ஹீமோகுளோபின். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் என்ற கணக்கு. கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. இதற்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால், இரும்புச்சத்து குறையும்போது முதலில் இறங்குவது இந்த எண் அல்ல. ஊருணி வற்றிக்கொண்டிருந்தாலும் வீட்டுக் குடம் கொஞ்ச நாள் நிறைந்தே இருக்கும். உடம்பில் சேர்த்து வைத்த இரும்பு தீர்ந்த பிறகே ஹீமோகுளோபின் சரியத் தொடங்கும்.

அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். வழக்கமான சிபிசி (முழு ரத்த அணு எண்ணிக்கை) பரிசோதனையில் அது வராது. மருத்துவர் தனியாக எழுதித் தர வேண்டும். மாதவிலக்கில் அதிகம் போகிறது, முடி கொட்டுகிறது, எப்போதும் அசதி, ஹீமோகுளோபினோ 12.2 என்றால், அதற்குச் செலவழிப்பது வீண் இல்லை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே வந்தால் சேமிப்பு காலி. காய்ச்சலோடு போய் எடுக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் ஏறிக் காட்டும், குறைபாடு மறைந்துவிடும்.

விரலில் குத்தி எடுப்பதிலும் சிக்கல் உண்டு. ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு குறையலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னதும் விரல் ரத்தத்தை வைத்துத்தான். நாளத்தில் எடுத்த ரத்தமே நம்பகமானது.

இரும்பைப் போலவே கவனிக்க வேண்டிய இன்னொன்று வைட்டமின் பி12. ‘மீன் தின்கிற ஊரில் பி12 எப்படிக் குறையும்?’ என்று கேட்கலாம். சாளையில் பி12 நிறையவே இருக்கிறது. ஆனால், சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவருக்கு அது குடலில் சரியாகச் சேராமல் போகலாம். கால் மரத்துப்போனால் ‘சர்க்கரையால்தான்’ என்று பழியை ஒரே இடத்தில் போட்டுவிடுகிறோம். ஹீமோகுளோபின் குறையாமலேயே பி12 குறைவு நரம்பைத் தாக்கும்.

சிபிசியில் இதற்கு ஒரு துப்பு உண்டு. பி12 குறைந்தால் சிவப்பணு பெருக்கும். அதைக் காட்டுவது, சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. இரும்பு குறைந்தாலோ சிவப்பணு சிறுக்கும். இரண்டும் சேர்ந்து குறைந்தால்? சராசரி நார்மல் என்று வரும்! அப்போது ஆர்.டி.டபிள்யூ. கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அணுக்கள் ஒரே அளவில் இல்லை என்பதைச் சொல்வது அதுதான். நம்மில் பலர் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம்.

பி12 பரிசோதனையும் முழுசாக நம்பத்தக்கதல்ல. ரத்தத்தில் உள்ள பி12-இல் பெரும்பகுதியை உயிரணுக்களால் எடுத்துக்கொள்ள முடியாது. சோதனை அதையும் சேர்த்தே எண்ணுகிறது. 200-க்கும் 300-க்கும் நடுவே வந்தால் ஹோமோசிஸ்டீன் போன்ற சோதனைகள் தேவைப்படலாம். சத்து ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் லேபுக்குப் போனால் எண் தாராளமாகவே வரும். ஊசிக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள்.