கையால் செய்த வெள்ளிச் செயின்: சொல்லிச் செய்யும் முன்

பெருநாளுக்கோ நிக்காஹ்வுக்கோ கடையில் வாங்காமல், நகை செய்பவரிடமே நேரில் சொல்லி வெள்ளிச் செயின் செய்துகொள்வோர் நம்மில் உண்டு. 30 அங்குலச் செயின் ஒன்று இருந்தால் நீளமாகப் போடலாம். இரண்டாக மடித்தால் கழுத்தை ஒட்டி நிற்கும். மணிக்கட்டில் நான்கு சுற்றுச் சுற்றினால் கைச்செயின். நல்ல சிக்கனம்தான். ஆனால் இதற்கெல்லாம் கொக்கி எந்த வளையத்திலும் நுழைய வேண்டும். கொக்கிக் கம்பியைவிட வளையத்தின் உள்வாய் பெரிதாக இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

செய்யும் விதம் தெரிந்தால் குறையும் தெரியும். வெள்ளியை உருக்கி, வரவரச் சிறுக்கும் துளைகள் உள்ள இரும்புத் தகட்டின் வழியே இழுத்துக் கம்பியாக்குவார்கள். கம்பியைக் கோலில் சுற்றி அறுத்தால் வளையங்கள் உதிரும். ஒன்றில் ஒன்றைக் கோத்து, வாயை மூடி, வெண்காரமும் பற்றுப் பொடியும் வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். ('பொடி வைத்துப் பேசுவது' என்கிறோமே, அது இந்தப் பட்டறையிலிருந்து வந்த பேச்சாகத்தான் படுகிறது.) வேலை மிச்சமென்று சிலர் வளையத்தை வெறுமனே நெருக்கிவிடுவதும் உண்டு. அப்படிப்பட்ட செயின் ஒரு இழுப்பில் விட்டுப்போகும். மெல்லிய துப்பட்டாவின் மேல் செயினை மெதுவாக இழுத்துப் பாருங்கள். திறந்த வாய் நூலைப் பிடிக்கும்.

அடுத்தது தரம். சுத்த வெள்ளி மிருதுவானது. அதனால் செம்பு கலப்பார்கள். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. 40 கிராம் செயினில் 37 கிராம் வெள்ளி இருக்கும். அதுவே 800 தரமானால் 32 கிராம்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஓர் அவசரத்துக்கு விற்கப் போகும்போதுதான் அந்த 5 கிராம் தெரியவரும். தங்கத்துக்கு ஹால்மார்க் 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. வெள்ளிக்கு அப்படியில்லை, செய்பவர் விருப்பம். கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

'ஜெர்மன் சில்வர்' என்ற பெயரில் ஏமாற வேண்டாம். அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. அழகுக்கு வாங்கினால் தவறில்லை, வெள்ளி விலை கொடுப்பதுதான் தவறு. நிக்கல் சிலருக்குக் கழுத்தில் அரிப்பும் தடிப்பும் தரும். குழந்தைகளுக்குப் போடும்போது கவனம் தேவை. காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு வெள்ளி என்று முடிவு செய்யாதீர்கள். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று தெரியும், அவ்வளவே. செம்பிலும் பித்தளையிலும் காந்தம் ஒட்டாது.

செயின் கறுத்துப்போனால் போலி என்று பொருளல்ல. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டு நல்ல வெள்ளியும் கறுக்கும். மெல்லிய சோப்பு நீரில் கழுவி, துடைத்து, ஈரமில்லாமல் மூடி வைத்தால் போதும். அத்தர் பூசுவதாக இருந்தால், பூசி உலர்ந்த பிறகு செயினை அணியுங்கள்.

பில்லில் எடை, தரம், செய்கூலி மூன்றையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். வளையம் விட்டுப்போனால் அவரே பற்றவைத்துத் தருவாரா, திரும்ப எடுத்தால் பற்றுக்கு எவ்வளவு கழிப்பார் என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளலாம்.