மூக்கில் நுழைந்து கண்ணைப் பறிக்கும் காளான்!

ஈர ரொட்டித் துண்டை நாலு நாள் மூடி வைத்தால், அதன் மேல் பஞ்சு போல ஏதோ படரும். அதுதான் பூஞ்சைக் காளான்.

அந்த இனத்துக் காளான்தான் 2021-ம் ஆண்டில் இந்தியாவை நடுங்க வைத்தது.

கொரோனாவில் பிழைத்து வீடு திரும்பியவர்கள், சில நாட்களில் மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். கண் வீங்கியது. பார்வை இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

அந்த ஆண்டு ஜூலைக்குள் 45 ஆயிரம் பேருக்கு மேல் இந்த நோய் கண்டது. 4 ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள்.

கறுப்பு ஏன்?

"கறுப்புப் பூஞ்சை" என்று மக்கள் இதை அழைத்தார்கள். காளான் இரத்தக் குழாயில் புகுந்து அடைத்து விடுகிறது. இரத்தம் ஓடாத சதை செத்து, கறுத்துப் போகிறது. அதனால் வந்த பெயர் இது.

காகித எலும்பு

இதன் வித்துக்கள் மண்ணிலும், மக்கிய இலையிலும், காற்றிலும் உண்டு. தினமும் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். திடமான உடம்பை அவை ஒன்றும் செய்வதில்லை.

சர்க்கரை வியாதி முற்றியவர்களிடமும், ஸ்டீராய்டு மருந்து அதிகம் எடுத்தவர்களிடமும்தான் காளான் கைவரிசையைக் காட்டுகிறது.

முதலில் மூக்கு. பிறகு, மூக்கை ஒட்டிய காற்றறைகள். அவற்றுக்கும் கண்குழிக்கும் நடுவே இருப்பது காகிதம் போன்ற மெல்லிய எலும்பு. அதைத் தாண்டினால் கண். கண்ணையும் தாண்டினால் மூளை!

இது ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆகவே, நோயாளியைக் கண்டு ஒதுங்க வேண்டியதில்லை.

கண்ணா, உயிரா?

செத்த சதையை டாக்டர்கள் வெட்டி எடுக்கிறார்கள். நோய் முற்றி விட்டால், உயிரைக் காக்கக் கண்ணையே எடுக்க நேரிடும்.

கூடவே "ஆம்போடெரிசின்-பி" என்ற ஊசி மருந்து. 1950-களில், வெனிசுலா நாட்டு ஓரினோகோ ஆற்றுப் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரில் இருந்து இது எடுக்கப்பட்டது. மண்ணில் வாழும் காளானுக்கு, மண்ணே மருந்தும் தந்தது!

தாமதம் கூடாது

ஒரு பக்கம் மட்டும் முகவலி, மூக்கடைப்பு, மூக்கில் கறுப்புச் சளி, கன்னம் மரத்துப் போதல், பல் ஆட்டம், மேல் அண்ணத்தில் கறுப்பு, இமை வீக்கம் — இவைதான் அடையாளங்கள்.

சர்க்கரை வியாதிக்காரருக்கு இவற்றில் ஒன்று தோன்றினாலும், "சாதாரண ஜலதோஷம்தானே" என்று கஷாயம் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும்.

ஒரு நாள் முந்தினால் கண் தப்பலாம். ஒரு நாள் பிந்தினால் உயிருக்கே ஆபத்து!