ஹெட்போன் வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கும் முன் காதைக் கவனியுங்கள்!

காலை நேர மின்சார ரயிலில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பார்த்தால் போதும். கழுத்தில் நெக்பேண்ட், காதுக்குள் இயர்பட்ஸ், தலையில் பெரிய ஹெட்போன், இன்னும் வயரை விடாதவர்கள் என எல்லா வகையும் கண்ணில் படும். 500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 50,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. ஆனால், வாங்கிய சில வாரங்களில் பலரும் சொல்லும் புகார்கள் மூன்றுதான். ‘காது வலிக்குது’, ‘அடிக்கடி கழன்று விழுது’, ‘பஸ்ல பாட்டே கேட்கலை, ஃபுல் வால்யூம் வைக்க வேண்டியிருக்கு’.

முதல் இரண்டும் தொல்லை. மூன்றாவது ஆபத்து. அழகாக, விலை அதிகமாக, நண்பர் சொன்னார் என்பதற்காக வாங்கிய ஹெட்போன், வெளிச்சத்தத்தைத் தடுக்காவிட்டால் நம் விரல் தானாக வால்யூம் பட்டனுக்குப் போகும். அங்கேதான் காதுக்குக் கேடு தொடங்குகிறது.

வால்யூமுக்கும் நேரத்துக்கும் ஒரு கணக்கு

உள்காதில் ஒலியை உணர்வதற்கென ஏறக்குறைய 15 ஆயிரம் நுண்ணிய செல்கள் இருக்கின்றன. அதிக சத்தத்தால் அவை அழிந்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைப்பதில்லை. பல்லாவது பாலகனாக இருக்கும்போது ஒருமுறை விழுந்து முளைக்கும். காதுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாட்டுக் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரம் முழுக்கச் சேர்த்தே 4 மணி நேரம்தான். 10 டெசிபல் கூடியதும் நேரம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. குழந்தைகளுக்கு வரம்பு இன்னும் குறைவு, 75 டெசிபல். போனில் டெசிபல் தெரியவில்லை என்றால், முழு வால்யூமில் 60 சதவிகிதத்தைத் தாண்டாதீர்கள் என்பது அதே நிறுவனம் சொல்லும் எளிய வழி.

ஆக, நல்ல ஹெட்போன் எது? நீங்கள் வழக்கமாகக் கேட்கும் இடத்தில், குறைந்த வால்யூமிலேயே பாட்டைத் தெளிவாகக் கேட்கவைப்பதும், ஒரு மணி நேரம் கழித்தும் காதில் இருப்பதே தெரியாததும்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கே கேட்கப் போகிறீர்கள்?

பஸ், ரயில், ஷேர் ஆட்டோ என்றால் காதுத் துளையை ரப்பர் முனையால் அடைக்கும் இயர்போன் அல்லது காதை முழுவதும் மூடும் ஓவர் இயர் ஹெட்போன்தான் சரி. ரப்பர் முனை இல்லாமல் காதின் வெளிமடலில் சும்மா உட்காரும் வகை, வீட்டுக்கும் ஆபீஸுக்கும் சுகமாக இருக்கும். பஸ் இன்ஜின் சத்தத்தில் அதைப் போட்டால் வால்யூமை ஏற்றாமல் முடியாது.

காலை நடைப்பயிற்சி சாலையில்தான் என்றால் கதை நேரெதிர். பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்டே ஆக வேண்டும். அங்கே காதை அடைக்காத வகையே பாதுகாப்பு. டூவீலர் ஓட்டும்போது எந்த வகையும் வேண்டாம்.

வீட்டில், அமைதியான அறையில் ராத்திரி பத்து மணிக்குமேல் பாட்டுக் கேட்பவர்களுக்கு ‘ஓப்பன் பேக்’ என்றொரு வகை இருக்கிறது. பின்புறம் வலைபோலத் திறந்திருக்கும். காது புழுங்காது, பாட்டு அறை முழுக்கப் பரவியதுபோல் கேட்கும். ஆனால், பக்கத்தில் தூங்குபவருக்கும் அதே பாட்டு கேட்கும்!

அந்தக் குட்டி ரப்பரைத் தூக்கிப் போடாதீர்கள்

இயர்பட்ஸ் டப்பாவில் சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவு ரப்பர் முனைகள் வரும். மாட்டியிருப்பது பெரும்பாலும் நடுத்தரம். மற்ற இரண்டையும் பலர் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. ‘பேஸே இல்லை’ என்ற புகார்களில் பல இங்கேதான் பிறக்கின்றன. காதுக்கும் ரப்பருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் தாழ்ந்த ஒலிகள் முதலில் கசிந்துவிடும்.

சோதிப்பது சுலபம். பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டு, இயர்பட்ஸை விரலால் லேசாக உள்பக்கம் அழுத்துங்கள். திடீரென்று பேஸ் கூடினால் இப்போதிருக்கும் ரப்பர் சரியாக அடைக்கவில்லை. ஒரு அளவு பெரியதை மாட்டிப் பாருங்கள். உள்ளே அழுத்தம், வலி இருந்தால் ஒரு அளவு சின்னது. இரண்டு காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று இல்லை. வலதுக்குப் பெரியது, இடதுக்கு நடுத்தரம் என்று மாட்டினாலும் தப்பில்லை. காது மடலை மேலே, பின்பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டு மாட்டினால் நன்றாகப் பொருந்தும். ரப்பர் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அமுக்கி மாட்டியதும் உள்ளே விரியும் ஃபோம் முனைகள் தனியாகக் கிடைக்கின்றன.

கண்ணாடி, கம்மல், தேங்காய் எண்ணெய்

பெரிய ஹெட்போன் வாங்குபவர்கள் கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு பில் போடச் சொல்லிவிடுகிறார்கள். குறைந்தது பதினைந்து நிமிடமாவது போட்டிருங்கள். வலி அப்போதுதான் தெரியும்.

கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடுதான் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் கால் ஹெட்போன் மெத்தையைத் தூக்கிவிட்டால் சத்தம் கசியும், கொஞ்ச நேரத்தில் காதுக்கு மேலே குத்தவும் செய்யும். மெத்தை தடிமனாக, மிருதுவாக இருந்தால் இந்தச் சிக்கல் குறையும். கம்மல், ஜிமிக்கி போடுபவர்களுக்கு, காதின் மேலேயே அழுந்தும் ‘ஆன் இயர்’ வகை ஒத்துவராது. காதைச் சுற்றி உட்காரும் பெரிய மெத்தையும், உள்ளே ஆழமான குழியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எடையையும் கேளுங்கள். சோனியின் டபிள்யூ.எச்-1000 எக்ஸ்.எம்.5 சுமார் 250 கிராம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் சுமார் 385 கிராம். இரண்டுமே விலை உயர்ந்தவை. ஆனாலும் இரண்டு மணி நேரம் கழித்து அந்த 135 கிராம் வித்தியாசத்தைக் கழுத்து சொல்லிவிடும்.

நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் ரெக்ஸின் போன்ற மெத்தைகள் சீக்கிரம் புழுங்கும். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் என்றால், எண்ணெய்யும் வியர்வையும் சேர்ந்து அந்த மெத்தையை உரிய வைத்துவிடும். கறுப்புத் தூளாகக் காதில் ஒட்டுவது அதுதான். கேட்டு முடித்ததும் காய்ந்த துணியால் துடைப்பது பாதி ஆயுளைக் காப்பாற்றும். மெத்தை தனியாக வாங்கி மாற்றக்கூடிய மாடலா என்று முதலிலேயே கேட்டு வைப்பது மீதிப் பாதியை.

நாய்ஸ் கேன்சலிங் தேவையா?

அமெரிக்காவின் எம்.ஐ.டி பேராசிரியர் அமர் போஸ், வங்காளத்திலிருந்து அங்கே குடியேறிய ஒருவரின் மகன். 1978-ல் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போனபோது, இன்ஜின் இரைச்சலில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று யோசித்ததில் தொடங்கியது அவருடைய நாய்ஸ் கேன்சலிங் ஆராய்ச்சி. 1989-ல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டாக அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஹெட்போனில் இருக்கும் மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான ஒலி அலையை உள்ளே உருவாக்கும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். விமானம், ஏ.சி, ரயில், பஸ் இன்ஜின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த இரைச்சலுக்கு இது அற்புதமாக வேலை செய்யும். திடீரென்று அடிக்கும் ஹாரனையும், பக்கத்து சீட் போன் பேச்சையும் முழுதாக அழிக்காது. தினமும் ஒரு மணி நேரத்துக்குமேல் பயணம் செய்பவர்களுக்கு இது வெறும் ஆடம்பரம் இல்லை. வால்யூமைக் குறைக்க உதவும் கருவி.

இங்கே ஒரு எச்சரிக்கை. டப்பாவில் ‘ஏ.என்.சி’ என்று இருந்தால்தான் நீங்கள் கேட்கும் பாட்டுக்கு இந்த வசதி. ‘இ.என்.சி’ என்று இருந்தால், போனில் பேசும்போது உங்கள் குரலோடு போகும் இரைச்சலை எதிர்முனையில் இருப்பவருக்குக் குறைத்துக் காட்டுவது. ஒரு எழுத்து வித்தியாசத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

டப்பாவில் எழுதியிருப்பதில் எதை நம்பலாம்?

‘20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை’ என்பது மனிதக் காது கேட்கும் எல்லை. மலிவான இயர்போன் டப்பாவிலும் அதே எண்தான் இருக்கும். அதை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது. டிரைவர் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அப்படித்தான். பெரிய டிரைவர் என்பதாலேயே நல்ல ஒலி வந்துவிடாது.

‘50 மணி நேரம் சார்ஜ் நிற்கும்’ என்றால் அதில் சார்ஜிங் டப்பாவின் கணக்கும் சேர்ந்திருக்கலாம். ஒரே மூச்சில் காதில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேளுங்கள். ‘ஐ.பி.எக்ஸ்.4’ என்றிருந்தால் வியர்வை, மழைத் தூறலைத் தாங்கும். தண்ணீரில் முக்கலாம் என்று அர்த்தமில்லை. வயர் ஹெட்போனில் ‘ஓம்’ என்று ஒரு எண் இருக்கும். போனில் கேட்பதற்கு 16 முதல் 32 ஓம் வரை பொருத்தம். சென்ஹைசர் ஹெச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்போன்கள் பிரமாதமானவைதான். ஆனால், தனி ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் போனில் செருகினால் அதன் முழுத் திறமை வெளிவராது.

வயரா, ப்ளூடூத்தா?

ப்ளூடூத்தின் வசதிக்கு ஈடில்லை. ஆனால், இயர்பட்ஸுக்குள் இருக்கும் குட்டி பேட்டரி வருடங்கள் போகப் போகத் தளரும். பெரும்பாலான மாடல்களில் அதை மாற்ற முடியாது. வயர் ஹெட்போனுக்கு அந்தக் கவலை இல்லை. 1991-ல் வெளிவந்த சோனி எம்.டி.ஆர்-7506 இன்றைக்கும் ஸ்டுடியோக்களில் புழங்குகிறது. அதே பணத்துக்கு வயரில் பெரும்பாலும் இன்னும் நல்ல ஒலி கிடைக்கும். போனில் ஜாக் இல்லாவிட்டால் யு.எஸ்.பி-சி இயர்போன் வாங்கலாம்.

ப்ளூடூத் என்றால் ‘கோடெக்’ பெயரைப் பாருங்கள். ஐபோன்காரர்களுக்கு ஏ.ஏ.சி இருந்தால் போதும். எல்.டி.ஏ.சி-யை ஐபோன் ஏற்காது, அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அது வேலை செய்யும்.

உங்கள் பாட்டைப் போட்டுப் பாருங்கள்

கடைக்காரர் போட்டுக் காட்டும் ‘டமால் டுமீல்’ பாட்டில் எல்லா ஹெட்போனும் நன்றாகத்தான் கேட்கும். நூறு முறை கேட்டு மனப்பாடமான உங்கள் பாட்டையே போடுங்கள்.

இளையராஜா பாடல் என்றால் பேஸ் கிட்டாரைப் பின்தொடருங்கள். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்கிறதா, அல்லது மொத்தமாக ‘தொம் தொம்’ என்று குழைந்துபோகிறதா? ஏ.ஆர்.ரஹ்மான் பாடலில் பின்னால் ஓடும் சின்னச் சின்ன ஒலிகளும் கோரஸ் குரல்களும் பிரிந்து தெரிகின்றனவா? கர்னாடக சங்கீத ரசிகர்களுக்கு மிருதங்கமே நல்ல பரீட்சை. இடது பக்கத் தொப்பியின் கனமும், வலந்தலையின் கணீர் ஒலியும் இரண்டுமே கேட்க வேண்டும். பாடகி ‘ச’, ‘ஸ’ உச்சரிக்கும்போது காதில் ஊசி குத்துவதுபோல் இருந்தால் அந்த ஹெட்போனைக் கீழே வைத்துவிடுங்கள். நீண்ட நேரம் கேட்க முடியாது.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், பிரித்த பிறகு திருப்பித் தர முடியுமா என்று முதலில் படியுங்கள். சுகாதாரக் காரணம் சொல்லி இயர்போன்களைத் திரும்ப வாங்காத விற்பனையாளர்கள் உண்டு.

வீட்டில் பெரியவர், சிறியவர் இருக்கிறார்களா?

ஆன்லைன் வகுப்புக்கும் கார்ட்டூனுக்கும் குழந்தைகளிடம் பெரியவர்களின் இயர்பட்ஸைக் கொடுப்பதைவிட, ஒலி அளவுக்கு வரம்பு வைத்த குழந்தைகள் ஹெட்போன் நல்லது. வரம்பு 85 டெசிபல் என்று போட்டிருந்தாலும், நேரத்துக்கும் வரம்பு வேண்டும்.

வயதாகும்போது உச்ச ஒலிகள் முதலில் மங்கும். தாத்தா, பாட்டி வால்யூமைக் கூட்டிக்கொண்டே போனால் திட்டாதீர்கள், காதுப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். ஒரு காது சரியாகக் கேட்காதவர்களுக்கு, போனின் அக்ஸஸிபிலிட்டி செட்டிங்ஸில் ‘மோனோ ஆடியோ’ இருக்கிறது. அதைப் போட்டால் இரண்டு பக்கப் பாட்டும் ஒரே காதில் முழுதாகக் கேட்கும். பைசா செலவில்லாத வசதி இது.

வாங்கும் முன் ஆறு கேள்விகள்

1. அதிகம் கேட்கப்போவது பஸ்ஸிலா, வீட்டிலா, நடைப்பயிற்சியிலா?
2. பதினைந்து நிமிடம் போட்டும் வலிக்காமல் இருக்கிறதா?
3. கண்ணாடி, கம்மலோடு ஒத்துப்போகிறதா?
4. என் போனோடு சேருமா?
5. ரப்பர் முனை, மெத்தை தனியாகக் கிடைக்குமா?
6. 60 சதவிகித வால்யூமுக்குள் என் பாட்டு தெளிவாகக் கேட்கிறதா?

ஆறாவது கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், மற்ற ஐந்துக்கும் ‘ஆமாம்’ கிடைத்தாலும் அடுத்த மாடலைப் பாருங்கள். ஏற்கெனவே ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கழற்றிய பிறகு காதில் ‘ங்ங்’ என்று ரீங்காரம் கேட்டாலோ, எதிரில் பேசுபவர் குரல் பஞ்சு வைத்ததுபோல் மங்கலாகக் கேட்டாலோ, அது காது தரும் எச்சரிக்கை. அன்றைக்குப் பாட்டை நிறுத்திவிடுங்கள். மறுநாளும் தொடர்ந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். ஹெட்போன் பழுதானால் இன்னொன்று வாங்கலாம்!