சர்வர் அறைக் குறிப்புகள் – 12: பெயர் இருக்கும், இடம்தான் வேறு

‘நேம் நாட் ஃபவுண்ட் எக்ஸெப்ஷன்’. லாக் ஃபைலில் இந்த வரி வந்துவிட்டால் டெவலப்பர் கோடைத் திறப்பார், இன்னொருவர் டிபிஏவுக்குப் போன் போடுவார்: “டேட்டாபேஸ் டவுனா சார்?” டேட்டாபேஸ் பாவம். அதன் வாசல்வரை யாரும் போயிருக்கவே மாட்டார்கள்.

அப்ளிகேஷன் டேட்டாபேஸின் முகவரியையும் பாஸ்வேர்டையும் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒரு பெயரைச் சொல்லிக் கேட்கும். சர்வர் தன் பெயர்ப் பதிவேட்டில் தேடி, உரிய இணைப்பை எடுத்துக் கொடுக்கும். ஜே.என்.டி.ஐ. என்பது இந்த ஏற்பாடுதான். சன் நிறுவனம் கொண்டுவந்தது, ஜாவா 1.3 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. பெயர் கிடைக்கவில்லை என்று சர்வர் சொன்னால், முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பதிவேட்டைத்தான். ஏனோ அதைக் கடைசியில்தான் செய்கிறோம்.

வைல்டுஃப்ளை (பழைய பெயர் ஜேபாஸ்) சர்வரில் இது ஒரு நிமிட வேலை. ஜேபாஸ் கமாண்ட் லைனுக்குள் போய், நேமிங் சப்சிஸ்டத்தில் ‘ஜேஎன்டிஐ-வியூ’வை ஓட்டுங்கள். மேலே சர்வர் முழுமைக்கும் பொதுவான பெயர்கள், கீழே ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் சொந்தமானவை என்று இரண்டு பகுதிகளாக, கிளை விட்ட ஒரு மரம்போல வரும். ‘ஜாவா:ஜேபாஸ்’ என்பதன் கீழ் ‘டேட்டாசோர்சஸ்’, அதற்குள் உங்கள் டேட்டாசோர்ஸ். அப்ளிகேஷன் நேரே ‘ஜாவா:’ கிளையில் தேடிக்கொண்டிருக்கும்; அட்மின் பதிந்ததோ ‘ஜேபாஸ்/டேட்டாசோர்சஸ்’ கிளையில். பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறியிருந்தாலும் கிடைக்காது.

மீதியில் குறும்பானது ‘ஜாவா:குளோபல்’. 2009இல் ஜாவா இஇ 6 வரும்வரை ஒவ்வொரு கம்பெனி சர்வரும் தன் இஷ்டத்துக்குப் பெயர் வைத்தது. அதற்குப் பிறகுதான் அப்ளிகேஷன், மாட்யூல், பீன் என்று பொது வரிசை ஒன்று வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாட்யூலுக்குத் தனியாகப் பெயர் கொடுக்காவிட்டால் ஃபைலின் பெயரே அதன் பெயராகிவிடும். ‘ஆர்டர்ஸ்-1.2.வார்’ நேற்றுவரை ஓடியது, இன்று ‘ஆர்டர்ஸ்-1.3.வார்’ ஏறியது. கோடில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் வெளியிலிருந்து கேட்பவருக்கு பீனைக் காணோம். மரத்தைப் பார்த்தால் 1.3 என்ற பெயரில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். வெப் எக்ஸ்எம்எல்லில் ‘மாட்யூல்-நேம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

வேறொரு மெஷினிலிருந்து வரும் கிளையன்ட்டுக்கு முழு மரமும் தெரியாது. ‘ஜாவா:ஜேபாஸ்/எக்ஸ்போர்ட்டட்’ கிளையில் இருப்பவை மட்டும்தான் கண்ணில் படும். கேட்கும்போது அந்த முன்பகுதியை விட்டுவிட்டு ‘ஜேஎம்எஸ்/ரிமோட்கனெக்‌ஷன்ஃபேக்டரி’ என்றே கேட்க வேண்டும். மரத்தில் தெரிகிற முழுப் பெயரை அப்படியே காப்பி அடித்துவிட்டு முழிப்பவர்கள் நிறைய.

வெப்ஸ்ஃபியரில் ‘டம்ப்நேம்ஸ்பேஸ்’ என்ற ஸ்கிரிப்ட் இதே வேலையைச் செய்யும். ஆனால் ‘ஜாவா:’ என்று தொடங்கும் பெயர்கள் அதில் வராது. அவை அந்த சர்வர் பிராசஸுக்குள்ளேயே இருப்பவை, வெளியிலிருந்து ஓடும் ஸ்கிரிப்டுக்கு எட்டாது. அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்காக, பதிவாகவே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். வெப்லாஜிக்கின் பழைய பதிப்புகளில் அட்மின் கன்சோலிலேயே மரத்தை விரித்துப் பார்க்கலாம், கிளாஸ்ஃபிஷில் ‘லிஸ்ட்-ஜேஎன்டிஐ-என்ட்ரீஸ்’.

பெயர் பதிவாகியிருப்பதால் டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறது என்றும் ஆகாது. மரத்தில் இருப்பது இணைப்பு கொடுக்கும் பொருள். அதன் பின்னால் டேட்டாபேஸ் படுத்திருந்தாலும் பெயர் அங்கேயேதான் இருக்கும். டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறதா என்று அறிய டேட்டாசோர்ஸில் ‘டெஸ்ட்-கனெக்‌ஷன்-இன்-பூல்’ ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய ஜேபாஸ் 4இல் இந்த மரத்தை பிரவுசரிலேயே, ஜேஎம்எக்ஸ் கன்சோல் வழியாகப் பார்த்தோம். எவ்வளவு சௌகரியம்! பாஸ்வேர்டு போட மறந்த இடங்களில் அதே கன்சோல் வழியாக வெளியாட்கள் தங்கள் புரோகிராமையே ஏற்றினார்கள். பாஸ்வேர்டு போட்ட இடங்களிலும் ‘கெட்’, ‘போஸ்ட்’ கோரிக்கைகளுக்கு மட்டும் காவல் வைத்துவிட்டு ‘ஹெட்’டை விட்டுவிட்டதால் ஓட்டை இருந்தது, 2010இல்தான் அது அடைக்கப்பட்டது. அந்தக் கன்சோலின் கதை அடுத்த வாரம்.