மேகத்துக்கு மேலே தராசு, மண்ணிலே படிக்கல்

ஆனி பிறந்து ஆவணி கழியும் வரையில், மூணாறு மலைகளின் மீது கவிந்த மேகம் முற்றும் விலகும் நாட்கள் சொற்பம்; ஒளிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள் அக்காலத்தில் வெண்மையை மட்டுமே கண்டு கடந்து போக, ரேடார் தாங்கிய கோளோ தானே நுண்ணலையை அனுப்பி, மேகத்தையும் இருளையும் ஊடுருவி, தரையைத் தொட்டு மீளும் எதிரொலியால் பூமியின் நிலையை அறிகிறது. நாசாவும் நமது இஸ்ரோவும் கூடிச் செய்து, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய நிசார் இவ்வகையைச் சேர்ந்தது. 747 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அது, 24 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள எல் அலையையும் 9 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுந்த எஸ் அலையையும் கொண்டு, 12 நாட்களுக்கொரு முறை அதே பாதைக்கு மீள்கிறது.

எதிரொலி நம்மிடம் வெறும் எண்ணாகவே வந்து சேருகிறது. அவ்வெண்ணை எப்படி நம்புவது? முத்திரையிடாத படிக்கல்லை வைத்து நிறுக்கும் வியாபாரியிடம் நாம் அரிசி வாங்குவதில்லை. விண்வெளித் தராசுக்கும் முத்திரையிட்ட படிக்கல் உண்டு. அது தரையில் இருக்கிறது.

வீட்டு மூலையில் இரு சுவர்களும் தரையும் கூடுவதுபோல, மூன்று உலோகத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக இணைத்த மூலைப் பிரதிபலிப்பானே அந்தப் படிக்கல். தன் வாய்க்குள் புகுந்த அலையை வந்த திசைக்கே திருப்பிவிடுவது அதன் சுபாவம். அதிலிருந்து எவ்வளவு எதிரொலி வரவேண்டும் என்பதைக் கணிதத்தால் முன்கூட்டியே நிர்ணயித்துவிடலாம். விளிம்பை இரட்டித்தால் எதிரொலி 16 மடங்காகும். தகடு சிறிது வளைந்தாலும் கணக்குப் பிசகும். வெட்டவெளியில், திசைகாட்டியும் சாய்வுமானியும் கொண்டு, கோள் வரும் பக்கம் நோக்கி அதனை நிறுத்துகிறார்கள்; மழைநீர் தேங்காதிருக்கத் தகட்டில் சிறு துளைகளும் இடுவதுண்டு. அத்துளைகளை இட்ட கைகளின் மீது எனக்கு அளவிறந்த மதிப்பு உண்டு.

தராசு சரியென்று கண்டபின்னும், அந்த எண்ணிலிருந்து கணித்த மண்ணின் ஈரம் மெய்தானா என்ற வினா நிற்கிறது. அதற்கு விடை தகர டப்பாவில் இருக்கிறது: மண்ணை அள்ளி நிறுத்து, 105 டிகிரி வெப்பத்தில் உலர்த்தி, மறுபடி நிறுத்தால், குறைந்த எடையே நீரின் எடை. பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைச் சமவெளியில் இப்பரீட்சை எளிது. இடுக்கியிலோ, கோளை நோக்கிய சரிவு பிரகாசிக்க, மறுபக்கம் நிழலில் மறைகிறது; மலையுச்சியின் எதிரொலி அடிவாரத்தினதற்கு முந்தி வந்து, படத்தில் மலையே கவிழ்ந்தது போலத் தோன்றுகிறது. பாலக்காட்டு வயலில் மெய்ப்பித்த சூத்திரத்தைத் இடுக்கியின் தேவிகுளத்துச் சரிவுக்கு அப்படியே பிரயோகிப்பது தகாது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, இதே இடுக்கியில், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களின் மேல் மலை சரிந்து 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். நிசார் அன்று இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். எனினும் பெருமழையில் ஊறும் மண்ணே சரிகிறது. அந்த ஊறலைத் தூரத்திலிருந்து அளக்க வேண்டுமானால், அந்தச் சரிவுகளின் மண்ணே முதலில் டப்பாவுக்குள் வந்தாக வேண்டும். கோள் இப்பிரதேசத்துக்கு வரும் நாட்களில் அதைக் கடப்பது காலை அல்லது மாலை 6 மணியளவில்; மண்ணையும் அவ்வேளையிலேயே எடுத்தாக வேண்டும். கொழுந்து பறிப்போர் லயத்தைவிட்டுப் புறப்படுமுன்னே, அட்டை கடிக்கும் ஈரப்புல்லை மிதித்து மேலேறி, மண்ணை அள்ளி, ஈரம் ஆவியாகாதபடி மூடியை இறுக்கிக்கொண்டு கீழிறங்க ஓர் ஆள் வேண்டும்.